ஆவாரைக்குத் தண்ணீர்

கோவில்பட்டி பஸ் இந்நேரம் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியிருக்கும் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் தவசிலிங்கம் குழாயைத் திறந்தார். ரப்பர் குழாய் உடம்பை முறுக்கிக் காற்றைக் கக்கிவிட்டு, மாடித் தொட்டியில் வெந்துகிடந்த தண்ணீரைத் துப்ப ஆரம்பித்தது. சூடு ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் அதை வாசல் சிமெண்டில் ஓடவிட்டார். பிறகு தனக்கே சிரிப்பு வந்தது. எதற்காக ஆற வேண்டும், எந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறோம்? குழாயின் வாயைக் கொண்டுபோய் கேட்டோரத்து ஆவாரையின் தூரில் சத்தம் வராதபடி அழுத்தி வைத்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால்தான் என்ன, செடிக்குத் தண்ணீர் விடுவது குற்றமா, சித்திரை மாதத்தில், சாத்தூர் வெயிலில், ஒரு மனுசன் தன் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் விட்டால் யார் என்ன சொல்லிவிட முடியும்? தன் வீடு. தன் செடி. அந்த இரண்டு வார்த்தையிலும் எங்கோ நாக்கு இடறியது. காலையில் மனைவி ராஜகனி கோவில்பட்டிக்குக் கிளம்பும்போது இதே செடியின் பக்கம்தான் நின்றாள். அரக்குக் கரை போட்ட சேலை, கையில் துணிப்பை, பைக்குள் நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ ஒரு பொட்டலம். "அத்தைக்குச் சுகர் கூடிப்போச்சாம், பூவைக் கொதிக்கவச்சுக் குடிக்கக் கேட்டாக" என்று சொன்னாள். அத்தை என்றால் அருணகிரியின் அம்மா. அருணகிரி என்றால் ராஜகனியின் முதல் புருசன், மாரடைப்பில் போய்ச் சேர்ந்த தாவரவியல் வாத்தியார், இந்த வீட்டைக் கட்டியவன், இந்தச் செடியை நட்டவன். செத்துப்போனவனின் அம்மா உனக்கு இன்னும் எப்படி அத்தை ஆவாள் என்று தவசிலிங்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதைத்தான் இப்போது, குழாயைப் பிடித்துக் குத்தவைத்தபடி, யோசித்துக்கொண்டிருந்தார். வேற எப்படிக் கூப்பிட என்று சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்திருப்பாள்.

அவரையும்தான் கூப்பிட்டாள். அருணகிரியின் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு, போனில் அழைத்திருக்கிறார்கள், நீங்களும் வாங்களேன் என்றாள். பிரஸ்ஸில் வேலை இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் அவர் வேலை பார்க்கிற அச்சகத்துக்கு லீவு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றாள். ஏன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றாள்? இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் ஒருவேளை போயிருக்கலாம். போய் என்ன செய்ய, பந்தலில் ஓரமாக உட்கார்ந்து, இவர் யார் என்று கேட்கிறவர்களுக்கு நடுவில் முழிக்கவா? அதற்கு அவளே விரும்பியிருக்க மாட்டாள். அதனால்தான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அவள் எதையும் அளந்துதான் செய்வாள். தபாலாபீசில் உட்கார்ந்து ஸ்டாம்பு கிழிக்கிற கை, ஓரம் பிசகாமல் கிழிக்கும். நேற்று ராஜகனி தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோதுகூட, அவர் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், "அவுகளுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சொல்லிச் சிரித்தாள். எந்த அவுக? இந்தச் சீமையில் பொம்பளை புருசன் பேரைச் சொல்ல மாட்டாள், அவுக என்பாள். ஒரு புருசன் உள்ளவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். இவள் இரண்டு பேரையும் அதே வார்த்தையால் சொன்னால் கேட்கிறவன் எப்படிப் பிரித்தறிவது? இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அடுத்த வார்த்தையில் தெரிந்துவிடும், பிடிக்காதா, பிடித்திருக்காதா, இருக்கிறவனா, இருந்தவனா. அதற்குள் அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். மிக்ஸி சத்தம். தனக்கு எதெல்லாம் பிடிக்காது என்று ராத்திரி சாப்பிடும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அக்காவிடம் சொல்லிச் சிரிக்கும்படி ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் அவன்தான். செத்து ஆறு வருசமாகியும் அவனுக்கு இன்னமும் சில விஷயங்கள் பிடிக்காமல் இருக்கின்றன.

தண்ணீர் தூரைச் சுற்றித் தேங்கி நின்றது. கறுத்த மண், மேலே ஒரு நுரை, நுரையில் உதிர்ந்த மஞ்சள் இலைகள். பூ இல்லை. இந்தப் பக்கத்தில் எந்தப் பொட்டலில் போய்ப் பார்த்தாலும் ஆவாரை பூத்துத்தான் நிற்கும், ஆடு கடிக்காது, வெயில் தீய்க்காது, ரோட்டோரத் தார்ச் சூட்டில்கூட மஞ்சளாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். இது இந்த வருசம் பூக்கவில்லை. இன்றைக்கு அவள் கொண்டுபோன பொட்டலம் போன வருசத்துப் பூ. அதை நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது, பிறகு அதுவே பயமாக மாறியது. எழுந்து நின்று தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. வெயில் மட்டும் தெருவின் நடுவில் உட்கார்ந்திருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க அவனுடைய கைதான். வேலியோரம் விராலி, கம்பியில் ஏறிய பிரண்டை, சங்குப்பூ, மருதாணி, மேற்குச் சுவரை மறைத்து நொச்சி. எதற்கும் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், பூச்சி மருந்து வேண்டாம். மனுசன் இருக்கிறானா செத்தானா என்பதைக்கூடக் கண்டுகொள்ளாத செடிகள். கல்யாணம் முடிந்து அவர் இந்த வீட்டுக்கு வருமுன்பே ராஜகனி அருணகிரியின் சட்டைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டாள், செருப்பு, குடை, கண்ணாடி, புத்தகங்கள், எல்லாம். பீரோவில் அவருக்கென்று இரண்டு தட்டு காலியாகத் துடைத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்து அன்றைக்கு அவருக்குக் கண் கலங்கியது நிஜம். ஐம்பது வயசு வரை லாட்ஜிலும் மெஸ்ஸிலும் காலம் தள்ளியவருக்கு இரண்டு தட்டு காலி செய்துகொடுத்த மனுசி. ஆனால் செடிகளை எங்கே தூக்கிக் கொடுக்க முடியும்? அவை நின்ற இடத்தில் நின்றன. படுக்கையறைக்கு மேற்கு ஜன்னல். சாயங்கால வெயில் அதில் இறங்காதபடி நொச்சி நிற்கிறது. அந்த அறையில்தான் அவர் தூங்குகிறார். அவனுடைய நிழலில் படுத்து, அவனுடைய குளிர்ச்சியில் கண்ணை மூடி, அவனுடைய... அதற்கு மேல் அந்த நினைப்பைப் போகவிடாமல் குழாயை வேறு பக்கம் திருப்பி வைத்தார்.

அவரும் ஒரு செடி வைத்தார். வந்த முதல் மாசியில், சிவகாசி நர்சரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், சிவப்பு ரோஜா, மொட்டோடு. ராஜகனி நல்லாருக்கு என்றாள். எங்கே வைக்க என்று கேட்டார். எங்கே வேணாலும் வைங்க என்றாள். அந்த எங்கே வேணாலும் என்பதில் ஒரு கருணை இருந்தது, அப்போது புரியவில்லை. பங்குனி முழுக்கக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினார். சித்திரை பிறந்ததும் இலை ஓரம் கருகியது. அவள் ஒரு பழைய சேலையைக் கிழித்துக் குச்சி நட்டு நிழல் கட்டிக் கொடுத்தாள். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த அன்று அது ஒரேயடியாகப் போய்விட்டது. அடுத்த நாள் விடியற்காலையில் அவர் கண்விழித்துப் பார்த்தபோது குச்சியும் இல்லை, துணியும் இல்லை, செடியும் இல்லை, அந்த இடம் துடைத்துப்போட்ட மாதிரி இருந்தது. அவர் எழுமுன் எழுந்து, அவர் கண்ணில் படாமல், பிடுங்கிப் போட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இந்த மண்ணுக்கு ரோஜா ஆகாதுங்க என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இன்னொரு செடி கொண்டுவந்திருப்பார். அவனிடம் என்றால் சொல்லியிருப்பாள். அவனோடு வாக்குவாதம் பண்ணியிருப்பாள். அவன் மலைக்குப் பஸ் ஏறிப் போய் விதை பொறுக்கிக்கொண்டு வருவானாம், ஆவாரை விதையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துத் தோலைக் காயப்படுத்தித்தான் ஊன்றுவானாம், இல்லாவிட்டால் முளைக்காதாம். இதையெல்லாம் அவளாகச் சொன்னதில்லை, அவர்தான் துருவித் துருவிக் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். புண்ணை நோண்டுகிற விரலுக்கு ஒரு சுகம் இருக்கிறது.

ஆனால் அது இல்லை, அதனால் மட்டும் இல்லை. அந்தப் பையன்கள் வந்த நாள்தான். அருணகிரியிடம் படித்தவர்கள், இப்போது எங்கெங்கோ வேலையில் இருக்கிறவர்கள், தைப்பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் சார் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். அவர் லுங்கியைத் தூக்கிக் கட்டி, மண்வெட்டியோடு வேலியோரம் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி, நீங்கதான் தோட்டத்தைப் பாத்துக்கிடுறீங்களா, எவ்வளவு நாளா இங்க வேலை பாக்கீங்க என்று அதில் ஒருத்தன் மரியாதையாகத்தான் கேட்டான். ராஜகனி காபித் தட்டோடு படியில் நின்றாள். "எங்க வீட்டுக்காரர்" என்றாள். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அவன் கேட்டதற்கும் அவள் சொன்னதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு மூச்சு அளவு. ஒரு மூச்சா, அதைவிடக் கூடவா? தட்டில் காபி தளும்பியது, அதைப் பார்த்து நிதானித்து, பிறகு சொன்னாள். தளும்பியதால் தாமதமா, தாமதிப்பதற்காகத் தளும்பியதா? நாலு மாதமாக அந்த ஒரு மூச்சு அவர் தொண்டையில் நிற்கிறது. மெஷின் ஓடும்போது, காலண்டர்த் தாள்கள் சடசடவென்று வந்து விழும்போது, திடீரென்று அந்த இடைவெளி வந்துவிடும், அப்புறம் மஞ்சள் மை ஒரு நூல் அளவு விலகி ஓடியிருப்பதைக்கூடக் கவனிக்க மாட்டார். காலண்டர் லட்சுமியின் முகத்துக்கு வெளியே ஒரு மஞ்சள் கோடு. ஃபோர்மேன் வந்து தாளை முகத்துக்கு நேராக நீட்டுவான். முப்பது வருசம் கலரைக் கலர் மேல் உட்காரவைத்த கண், இப்போது இப்படி.

பையன்கள் விதை பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தன் போகும்போது ஆவாரையைத் தொட்டுக் கும்பிட்டான். அன்றைக்கு மறுநாள் விடிகாலையில்தான் அவர் முதல் வாளியை ஊற்றினார். ஊற்றும்போது இன்ன காரியம் செய்கிறோம் என்று நினைக்கவில்லை என்று இத்தனை நாளும் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பொய். வந்த புதுசில் ராஜகனியே சொல்லியிருந்தாள், அது பாட்டுக்கு விட்டுருங்க, அதுக்குத் தண்ணி ஆகாது, கரிசல்ல தண்ணி தேங்குச்சுன்னா வேர் அழுகிரும், அவுக சொல்வாக என்று. அவுக சொல்வாக. நொச்சியை வெட்டினால் இன்னும் அடர்ந்து தழையும். விராலியை ஒடித்தால் கிளைக்கும். பிரண்டையைப் பிய்த்து எறிந்தால் எறிந்த இடத்தில் வேர் பிடிக்கும். கத்தியால் ஒன்றும் செய்ய முடியாத செடிகளுக்கு நடுவில் தண்ணீரால் சாகிற செடி ஒன்று இருக்கிறது என்று அவளே வாயால் சொல்லிக் கொடுத்தாள். அவள் குளிக்கப் போகிற நேரம், கோயிலுக்குப் போகிற நேரம், தபாலாபீசுக்குப் போன பிறகு பிரஸ்ஸுக்குக் கிளம்புமுன் கிடைக்கிற நேரம். எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர் ஒருநாள் கேட்டுக்கு வந்து நின்று, முன்னவர் வைத்த செடியை இப்படிப் பார்த்துக்கிற மனசு யாருக்கு வரும், நீங்க பெரிய மனுசர் என்றாள். அன்று முழுக்க அந்த வார்த்தை இனித்தது. அதுதான் இதில் கேவலம். அவர் அந்தப் பாராட்டை நிஜமாகவே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு வந்ததும் குழாயை மூடிச் சுருட்டி வைத்துவிட்டு நொச்சியடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் மூடி வைத்துவிட்டுப் போன சாதத்தைச் சாப்பிடத் தோன்றவில்லை. இப்போது பந்தியில் உட்கார்ந்திருப்பாள். இல்லை, வளையல் போட்டுவிடுகிற நேரமாக இருக்கும். அவளை வளையல் போடச் சொல்வார்களா? கூப்பிட்டவர்கள் போடச் சொல்லாமல் இருப்பார்களா? தாலி கட்டிய பொம்பளைதானே, இப்போது. யார் கட்டிய தாலி? அவர் கட்டிய தாலி. அவர் கட்டிய தாலியால்தான் அவள் இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்கு வளையல் போட முடிகிறது என்பதை அந்த வீட்டில் ஒருத்தராவது நினைப்பார்களா? அந்தக் கிழவி ஆவாரம்பூப் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்ப்பாள், எம்மகன் வச்ச செடி என்று அழுவாள், ராஜகனியும் அழுவாள். அந்த அழுகைதான் வேண்டியதாக இருந்தது அவருக்கு. இந்த வீட்டில் ஒருநாளும் அவள் அவர் முன்னால் அவனுக்காக அழுததில்லை. அழுதால் ஆறுதல் சொல்லலாம், தோளைத் தொடலாம், பரவாயில்லை என்று பெரிய மனசு காட்டலாம். அவள் அதற்கு வழி வைக்கவில்லை. துக்கத்தையும் பீரோ மாதிரி அவர் வருமுன்பே துடைத்து வைத்துவிட்டாள், அல்லது எங்கேயோ கோவில்பட்டியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள், போகும்போதெல்லாம் எடுத்துக் கட்டிக்கொண்டு வருகிறாள். அங்கேயே இருந்துவிடு என்று சொன்னால்? சொல்ல மாட்டார்கள். சொன்னால்? காற்று நின்றுபோயிருந்தது. நொச்சியிலை வாசம் கனத்து இறங்கியது, சளி பிடித்தால் அவள் வேது பிடித்துவிடுகிற வாசம், போர்வைக்குள் தலையைக் கவிழ்த்திருக்கும்போது முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாளே, அந்தக் கை. அதே போர்வைக்குள் முன்பு அவன் தலை. கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை, வளையல் சத்தம் கேட்டது.

சாயங்காலக் காபி நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னவள் வரவில்லை. ஒரு பஸ் போன சத்தம் கேட்டது, அடுத்த பஸ்ஸும் போனது. போன் பண்ணலாம். பண்ணினால் அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் எடுத்து, யாரிடமோ, அவுகதான் கூப்பிடுறாக என்பாள், யாரோ ஒருத்தி எந்த அவுக என்று நினைப்பாள். பண்ணவில்லை. எழுந்து ஆவாரையிடம் போனார். சும்மா போனார். தூர்ப் பட்டை கறுத்திருந்தது. பெருவிரல் நகத்தால் கீறினார், பச்சை இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பழுப்பு, பட்டை ஈரத்துணி மாதிரி கழன்று விரலோடு வந்தது. கொஞ்சம் மேலே கீறினார், பழுப்பு. இன்னும் மேலே. தண்டைப் பிடித்து லேசாக அசைத்தார். மண்ணுக்குள் பிடிமானம் எதுவும் இல்லாமல், ஆடுகிற பல் மாதிரி, செடி முழுதாக அவர் கையோடு சாய்ந்து வந்தது. அடியிலிருந்து அழுகல் வாடை வந்தது. கையை எடுத்துவிட்டார். அது சாய்ந்தபடியே நின்றது. அவ்வளவுதானா? ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியது, ஒரே ஒரு கணம். அவர் கொல்ல நினைத்தது செடி என்று வைத்துக்கொண்டால் செடி செத்துவிட்டது. இனி அவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. அவன் மட்டும் எங்கேயும் போகவில்லை, கோவில்பட்டியில் பந்தலுக்கு நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். கரையான் என்று சொல்லிவிடலாம். கரையான் அரித்துவிட்டது ராஜகனி, பாரேன், இத்தனை நாள் தண்ணீர் விட்டு வளர்த்தும். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குரல் நன்றாகத்தான் வந்தது, நம்பும்படியாகவே வந்தது. அதைக் கேட்டு அவருக்கே அவரைப் பிடிக்காமல் போனது. செடியை நிமிர்த்தி, காலால் மண்ணை ஒதுக்கி மிதித்து, நிற்கவைத்தார். நின்றது.

வெயில் தணிந்து நிழல் நீண்ட பிறகு ஆட்டோ வந்து நின்றது. ராஜகனி இறங்கினாள், ஒரு கையில் அடுக்குத் தூக்கு, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. போகும்போது இல்லாத வளையல். பஸ் கிடைக்கவில்லை, நின்று நின்று கால் கடுத்துப்போச்சு என்றாள். சாப்பிட்டீகளா என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் கேட்டைச் சாத்தத் திரும்பியவள் ஆவாரையைப் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு விரலால் தண்டைத் தொட்டாள். அது விழுந்தது. கரையான் என்று ஆரம்பிக்க அவர் வாயைத் திறந்தார்.

"நிலமெல்லாம் வாயப் பொளந்து கெடக்கு" என்றாள் ராஜகனி, நிமிராமல். "இது காலடியில மட்டும் ஒரு வெடிப்பு இல்ல. மாசியிலயே பாத்தேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். அவள் சொன்னது நிஜம். வேலியோரம், படியோரம், மருதாணி அடியில், எங்கும் கரிசல் கை நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. இந்த ஓர் இடம் மட்டும் வழவழவென்று மூடிக்கிடந்தது. இத்தனை நாள் இந்த இடத்தில் குத்தவைத்திருந்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. மாசியிலேயே என்றால் மாசி, பங்குனி, சித்திரை. அவர் வாளியைத் தூக்கிய ஒவ்வொரு காலையும் அவள் குளியலறைக்குள் நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெபமணி டீச்சர் பாராட்டியதை அவளிடம் சொல்லிச் சந்தோசப்பட்டாரே, அன்றைக்கும் தெரிந்துகொண்டேதான் சிரித்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல" என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது. "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

ராஜகனி நிமிர்ந்தாள். அழுகிய தண்டைத் தூக்கி வேலியோரம் போட்டாள். கையை ஒரு தரம் முகர்ந்து பார்த்து, தண்ணீர்த் தொட்டியில் கழுவினாள். வளையல்கள் குலுங்கின.

"கோவமெல்லாம் செடி மேல தீந்துட்டா எம்மேல வராதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"நான் உன்னைய என்னைக்காவது..."

"இல்ல. வையக்கூட இல்ல. அதான் பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தவசிலிங்கம் குழி விழுந்த இடத்துக்கு முன்னால் நின்றார். தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. உரக்கப் பேசாதவர், கை நீட்டாதவர், வாயை மூடிப் பொறுத்துக்கொண்டு போகிறவர். பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு எதிரே ஒருத்தி மூன்று மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு எவ்வளவு ஊற்றினார், இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள், முதுகைத் தடவியிருக்கிறாள், ஒரு செடியைக் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் தான் நிற்கிறோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல், எந்தப் புருசனையும் எந்தப் பெண்ணும் அப்படிப் பார்க்கக் கூடாத மாதிரி. இதைத்தானே கேட்டோம், அவள் கண் முழுக்க நம் மேல் இருக்க வேண்டும் என்று. மண்வெட்டியை எடுத்துவந்து குழியை மூடினார். ஈர மண் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வர மறுத்தது. தட்டித் தட்டி விழவைத்தார்.

கைகால் கழுவிவிட்டு உள்ளே போனபோது அவள் சேலை மாற்றியிருந்தாள். வளையல்களைக் கழற்றவில்லை. தரையில் இரண்டு தட்டு, தூக்கின் அடுக்குகள் பிரித்து வரிசையாக. புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், கடைசியில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். உட்காருங்க என்றாள், மத்தியானமும் சாப்பிடவில்லை போல, சாதம் அப்படியே இருக்கு என்றாள். அவர் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தார். அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக, ஜெபமணி டீச்சரிடம் காட்டுவதற்காக வைத்திருக்கிற சாமான் மாதிரி இருந்தது. அதை விட்டுவிட்டார். இரண்டு வருசத்தில் ஒருநாளும் அவர் வாயால் சொல்லாத பேர் ஒன்று இருந்தது.

"அருணகிரி சாருக்கு," என்றார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார், "அவருக்கு இதுல எது பிடிக்கும்?"

ராஜகனி நிமிர்ந்து பார்த்தாள். உள்குத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கையை நீட்டினாள், தேங்காய்ச் சாதத்தின் மேல் கொண்டுபோனாள். "இது... இல்ல, இது எங்கப்பாவுக்கு." கை புளியோதரைக்குப் போனது, அங்கே நின்றது, திரும்பியது. வளையல் சத்தம் நின்றுவிட்டது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்ததை அவர் பார்த்தார்.

"மறந்துட்டேங்க" என்றாள். "பதினாலு வருசம் சமைச்சுப் போட்டேன். எனக்கு ஞாபகம் வரல."

பயந்துபோயிருந்தாள். கண்ணில் நீர் கோத்து நின்றது, விழவில்லை. இதற்காகத்தான் அவர் தவம் கிடந்தார். அவள் மறக்க வேண்டும், ஒரு விஷயமாவது, சின்னதாக ஒன்றாவது, அவனிலிருந்து உதிர வேண்டும் என்று. உதிர்ந்துவிட்டது, தட்டுக்கு நடுவில் வந்து கிடக்கிறது. எடுத்துக் கொண்டாட உள்ளே ஒருத்தரும் இல்லை. நாளைக்கு நம்மையும் இப்படித்தான், எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால் கை இப்படித்தான் அந்தரத்தில் நிற்கும் என்று தோன்றியது. ஆனால் அதுகூடப் பிறகுதான். முதலில் தோன்றியது அவள் கை இப்படி நிற்கக் கூடாது என்பதுதான்.

"அவசரப்படாத. மெதுவா நெனச்சுப் பாரு" என்றார். "ஸ்கூலுக்கு என்ன கட்டிக் கொடுப்ப?"

"எல்லாந்தான் கட்டிக் கொடுப்பேன்."

"மிச்சம் வைக்காம தூக்கு காலியா வர்ற நாளு?"

அவள் கண்ணை மூடினாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். "எலுமிச்சங்கொட்ட" என்றாள் திடீரென்று. "சாதத்துல கொட்ட அகப்பட்டா துப்பமாட்டாக. எடுத்துச் சட்டப்பையில போட்டுக்கிடுவாக. துவைக்கிறப்போ ஒவ்வொரு சட்டையிலயும் கெடக்கும். நான் வைவேன்." சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் இறங்கியது. அவர் முன்னால், அவனுக்காக, முதல் முதலாக. அந்தச் சட்டைப்பை அவர் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. எந்தச் சட்டை, என்ன நிறம், எப்படி வைவாள், என்னை ஒருநாளும் அப்படி வைததில்லையே. குத்தட்டும் என்று விட்டார்.

"அப்ப எலுமிச்சைதான்" என்றார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள், நிச்சயமில்லாமல், மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு.

தவசிலிங்கம் அந்த அடுக்கைத் தன் பக்கம் இழுத்து, அவள் தட்டில் ஒரு கரண்டி வைத்தார். தன் தட்டிலும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். "வேற என்னென்ன செய்வாரு? சொல்லு" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.